கேப்பிட்டலில் நாற்காலிகளைக் காணோம்

இது நீளமான பதிவு. கோப்பி கலக்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள். "டீச்சர் மறுபடியும் கட்டுரை எழுதிட்டாங்க" என்று உங்களில் சிலர் சிரிப்பது இங்கேயே கேட்கிறது. சிரியுங்கள், ஆனால் முழுதாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

சென்ற சனிக்கிழமை என் பழைய மாணவி ஒருத்தியின் மகளுக்குத் திருமண விருந்து. அழைப்பிதழில் இடத்தைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். கேப்பிட்டல் தியேட்டர். ஸ்டாம்ஃபர்ட் சாலையும் நார்த் பிரிட்ஜ் சாலையும் சந்திக்கும் முனையில், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு எதிரே இருக்கிறதே, அதே கேப்பிட்டல்தான். சினிமாக் கொட்டகையில் கல்யாணச் சாப்பாடா என்று கேட்காதீர்கள். இப்போது அப்படித்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருந்து அருமை, பெண்ணும் மாப்பிள்ளையும் அருமை, அதில் ஒரு குறையும் இல்லை. மாணவியிடம் கிளம்பும்போதே சொல்லிவிட்டேன்: "உன் மகள் கல்யாணத்தைப் பற்றி அல்ல, இந்த மண்டபத்தைப் பற்றி எழுதப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே." அவள், "நீங்க என் கட்டுரைக்கு 40க்கு 19 போட்டப்பவே நான் கோபிக்கலை டீச்சர்" என்றாள். 19ஐ இன்னும் மறக்கவில்லை பாருங்கள்.

நான் கேப்பிட்டலுக்குள் முதன்முதலில் நுழைந்தது 1963 டிசம்பரில். அப்பா அப்போது செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஸ்டோரில் வேலை பார்த்தார். ஆறாம் வகுப்புத் தேர்வில் நான் தேறியதற்காக என்னையும் தம்பியையும் இரண்டு பேருந்து மாறி நகரத்துக்கு அழைத்து வந்தார். தமிழ்ப் படம் என்றால் அதற்கு வேறு கொட்டகைகள் இருந்தன. கேப்பிட்டல் ஆங்கிலப் படத்துக்கான இடம். "அங்கே ஒரு தடவையாவது போய்ப் பார்த்துடணும்" என்று அப்பா பலநாள் சொல்லிக்கொண்டிருந்தார். படம் என்னவென்று கேட்டால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பெயர் சரியாகத் தெரியாது. குதிரைகள் ஓடின, வாள் சண்டை நடந்தது, ஒரு ராணி அழுதாள். மலிவான முன்வரிசை. கழுத்தை நிமிர்த்தியே பார்த்ததில் தம்பிக்கு மறுநாள் வரை வலி.

அப்பாவுக்கும் ஆங்கிலம் அரைகுறைதான். ஆனால் இடைவேளையில் விளக்கு போட்டதும் மேலே பார்த்தார். கூரைக் குவிமாடத்தைச் சுற்றிப் பன்னிரண்டு ராசிகளின் உருவங்கள். அப்பாவின் முகம் மலர்ந்தே போனது. "அதோ பார், தராசு, துலாம். பக்கத்துல தேள், விருச்சிகம், அது உன் ராசி. தம்பிக்கு மீனம், எங்கே இருக்குன்னு கண்டுபிடி" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். படத்தைப் புரியவைக்க முடியாதவர் கூரையை முழுதாகப் படித்துக் காட்டிவிட்டார். பஞ்சாங்கம் தெரிந்த மனுஷனுக்கு அந்தக் கொட்டகையில் மேலே ஒரு தமிழ்ப் புத்தகம் விரிந்திருந்தது. மேடையின் இரு பக்கமும் சிறகு முளைத்த குதிரைமேல் பெண்கள் உட்கார்ந்த சிலைகள். அவற்றுக்கு மட்டும் அப்பாவிடம் விளக்கம் இல்லை. "வெள்ளைக்காரன் சாமியா இருக்கும்" என்றார்.

இந்தக் கொட்டகை திறந்தது 1930இல். கட்டியவர்கள் பாரசீக வழிவந்த நமாசி குடும்பத்தார். வரைந்த கட்டடக் கலைஞர்கள் கீஸ் அண்ட் டவுட்ஸ்வெல், ஃபுல்லர்ட்டன் கட்டடத்தை வரைந்த அதே நிறுவனம்தான். அப்போது 1,600 பேருக்கு மேல் உட்காரலாம். ஜப்பானியர் காலத்தில் பெயரே மாறி அவர்களுடைய படங்கள் ஓடின. போருக்குப் பின் 1946இல் ஷா சகோதரர்கள் வாங்கினார்கள். பக்கத்தில் மக்னோலியா பால் கடை இருந்தது. ஐஸ்கிரீமை நாங்கள் வெளியே நின்று பார்த்ததோடு சரி. 1998 டிசம்பர் இறுதியில் கொட்டகையை மூடினார்கள். அதன்பின் 17 ஆண்டு அந்த முனையைத் தாண்டும்போதெல்லாம் பூட்டிய கதவைத்தான் பார்த்தேன். புதுப்பித்துத் திறந்தது 2015இல்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன்.

உள்ளே போனதும் எனக்கு முதலில் தோன்றியது: நாற்காலிகளைக் காணோம். சரிவான தரையும் இல்லை. சமதளத்தில் வட்ட மேசைகள், வெள்ளை விரிப்பு, பூங்கொத்து. பக்கத்து மேசையில் இருந்த பொறியாளர் (இவரும் என் மாணவர், அல்ஜீப்ராவில் புலி, புணர்ச்சி விதியில் எலி) விளக்கினார். கீழ்த்தளத்து இருக்கைகள் சுழலும் தரையோடு சேர்ந்து கவிழ்ந்து அடியில் போய்விடுமாம். நாடகமோ படமோ என்றால் மறுபடி மேலே வரும். விருந்தென்றால் தரை சமமாகிவிடும். இன்றைய இருக்கைகள் 900க்கும் சற்று மேல். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்துக்குக் கீழேதான் அந்த நாற்காலிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இதைக் கேட்டபின் எனக்குப் பிரியாணி சரியாக இறங்கவில்லை.

குவிமாடத்தை முதலில் ஊதா விளக்கில்தான் பார்த்தேன். விருந்துக்கான ஒளி அலங்காரம். ராசிகள் எல்லாம் ஒரே ஊதா. பிறகு மணமக்களின் காணொளி முடிந்து, அடுத்தவர் பேச வருவதற்குள் யாரோ வெள்ளை விளக்கைப் போட்டார்கள். இரண்டு நிமிடம் இருக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் தேள் தெரிந்தது. என்ன நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள் தெரியுமா! குதிரைகளும் அதே இடத்தில், சிறகோடு, அதே கம்பீரத்தோடு. பழைய வேலைப்பாட்டைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாக எதையாவது ஒட்டவில்லை. இதற்கு உழைத்த கைகளைக் கும்பிட வேண்டும். இந்த ஊரில் இடித்துவிட்டுப் பெயரை மட்டும் பேரங்காடிக்கு வைப்பது எவ்வளவு சுலபம் என்று நமக்குத் தெரியும்.

படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "அக்கா, நாம உட்கார்ந்த இடம் எது?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எண்ணிப் பார்க்க வரிசை இருந்தால்தானே! மேடையிலிருந்து இத்தனை அடி என்று நினைத்துக்கொண்டு எழுந்து நடந்தேன். அங்கே ஒரு மேசையில் மணமகனின் அலுவலக நண்பர்கள் கூட்டமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஆன்ட்டி, நீங்களும் வாங்க" என்று என்னையும் சேர்த்து நிறுத்திவிட்டார்கள். அந்தப் படம் யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.

என் கருத்து இதுதான். கூரையைக் காப்பாற்றினார்கள், குதிரைகளைக் காப்பாற்றினார்கள். ஆனால் கொட்டகை என்பது கூரையும் குதிரையும் மட்டுமா? கடற்படைத் தளத்து ஸ்டோர்க்காரர் ஒருவர் இரண்டு பிள்ளைகளோடு ஒரு சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே வரலாம், யாரும் அழைக்க வேண்டியதில்லை என்பதுதான் கொட்டகை. இன்று எனக்கு அழைப்பிதழ் வந்ததால் உள்ளே போனேன். வராமலிருந்தால்? படம் ஓடும் நாட்கள் குறைவு. நாடகம், மாநாடு, நிறுவன விருந்து, கல்யாணம் இவைதான் அதிகம். இன்றைக்கு ஒரு ஸ்டோர்க்காரர் அங்கே எந்தக் காரணத்தைச் சொல்லி நுழைவார்?

உடனே என் மூத்த மருமகன் எழுதுவார், அவரை எனக்குத் தெரியும்: "அத்தை, அந்தக் காலத்திலும் எல்லாரும் சமமா? துரைமார் மேலே, நீங்கள் முன்வரிசையில் கழுத்து வலியோடு." உண்மைதான் மாப்பிள்ளை. 1930இல் அதைக் கட்டும்போது என் தாத்தாவை மனத்தில் வைத்துக் கட்டியிருக்க மாட்டார்கள். ஆனாலும் விளக்கணைந்தபின் மேலே இருந்தவரும் கீழே இருந்தவரும் ஒரே குதிரையைத்தான் பார்த்தோம். சமத்துவம் என்று அதைச் சொல்ல மாட்டேன், ஆனால் எங்களுக்கும் ஒரு கதவு இருந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையான ஆள் இல்லை. படம் மட்டும் போட்டால் இவ்வளவு பெரிய மண்டபம் பிழைக்காது. சைனாடவுன் மெஜஸ்டிக் கடைத்தொகுதியாகிவிட்டது. தஞ்சோங் பகாரில் இருந்த மெட்ரோபோல் தேவாலயமாகிவிட்டது. கோல்டன் மைல் டவரில் பழைய கோல்டன் தியேட்டரை அதன் பழைய நாற்காலிகளோடு 2014 முதல் புரொஜெக்டர் என்ற பெயரில் நடத்திவந்தார்களே, அந்தப் பிள்ளைகள் எவ்வளவு ஆசையாக நடத்தினார்கள்! அதுவும் 2025 ஆகஸ்டில் மூடப்பட்டது. நாற்காலியைக் காப்பாற்றியவர்களால் வாடகையைச் சமாளிக்க முடியவில்லை. கேப்பிட்டலில் நாற்காலியைத் தரைக்குள் தள்ளியதால் வாடகைக்கு வழி பிறக்கிறது. எது சரி என்று கேட்டால் எனக்குத் தூக்கம் வராது. விருந்துக்கு விடுவதை நான் எதிர்க்கவில்லை. விருந்து மட்டுமே என்று ஆகிவிடக்கூடாது என்கிறேன்.

ஏன் இவ்வளவு வருத்தம் என்று கேட்பவர்களுக்கு. 2015 ஜூலையில், சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டில், '7 லெட்டர்ஸ்' என்ற படத்தை முதன்முதலாக இந்த மண்டபத்தில்தான் திரையிட்டார்கள். ஏழு இயக்குநர்கள், ஏழு சிறுகதைகள். அதில் ஒன்று கே. ராஜகோபால் எடுத்த 'தி ஃப்ளேம்'. பிரிட்டிஷ் படை வெளியேறிய 1971இல் போவதா, இருப்பதா என்று தவிக்கும் ஓர் இந்தியக் குடும்பத்தின் கதை. கேப்பிட்டல் காட்சிக்கு எனக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. பிறகு வேறு அரங்கில் பார்த்தேன். பாதியில் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

அது எங்கள் வீட்டுக் கதை. அப்பா வேலை பார்த்த கப்பல் பட்டறை 1968 டிசம்பரில் பெயரளவுக்கு 1 வெள்ளிக்குச் சிங்கப்பூர் அரசிடம் கைமாறியது. அப்பாவின் கூட்டாளிகளில் பாதிப் பேர் பெட்டியைக் கட்டி ஊருக்குத் திரும்பினார்கள். அம்மாவும் போய்விடலாம் என்றார். அந்தச் சில வருடம் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது யாரும் அதிகம் பேசியதில்லை. அப்பா இங்கேயே இருப்பதென்று முடிவு செய்தார். அவர் அப்படிச் செய்யாமலிருந்தால் நான் இந்த ஊரில் ஆசிரியை ஆகியிருக்க மாட்டேன், உங்களில் யாருக்கும் 19 மதிப்பெண் போட்டிருக்கவும் மாட்டேன்.

அப்பா கேப்பிட்டலுக்குப் பிறகு போகவே இல்லை. அந்த ஒரு தடவைதான். ஆனால் அந்த மாதிரி மனிதர்களின் கதையை அதே குவிமாடத்தின் கீழ் ஒரு நாள் திரையில் காட்டினார்கள் என்று நினைக்கும்போது எனக்கு ஏதோ கணக்கு நேரானதுபோல இருந்தது. அது ஒரு நாளோடு நின்றுவிடக் கூடாது.

ஆகையால் நான் கேட்பது பெரிதல்ல. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை. கல்யாண விருந்து மாலையில்தானே, காலையில் மண்டபம் காலியாகத்தானே இருக்கும்? நாற்காலிகளை மேலே கொண்டுவந்து, இந்த ஊரில் எடுத்த பழைய படங்களை, மலாய், சீனம், தமிழ் எதுவானாலும், பள்ளிப் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் குறைந்த கட்டணத்தில் போடட்டும். இடைவேளை கட்டாயம் வேண்டும், அதில் வெள்ளை விளக்குத்தான் போட வேண்டும். வாசலில் இது யார் கட்டியது, ஜப்பானியர் காலத்தில் என்ன ஆனது, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று நான்கு மொழியிலும் விவரமாக எழுதி வைக்கட்டும். தமிழைப் பிழையில்லாமல் எழுதித் தர நான் இருக்கிறேன், காசு வேண்டாம்.

என் மாணவர்களில் கலைத்துறையிலும் அரசாங்கத்திலும் வேலை பார்ப்பவர்கள் குறைந்தது ஆறு பேர் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். விருப்பக்குறி மட்டும் போட்டுவிட்டு நழுவ வேண்டாம். யாரிடம் கடிதம் கொடுக்க வேண்டும் என்று கீழே எழுதுங்கள், கடிதத்தை நான் எழுதுகிறேன்.

தம்பிக்கு அன்றிரவு வீட்டுக்கு வந்தபின்தான் பதில் போட்டேன். "இடம் தெரியவில்லை. ஆனால் மீனம் இன்னும் இருக்கிறது" என்று எழுதினேன். அவன் கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் அனுப்பினான். அடுத்த முறை அங்கே படம் போட்டால் அவனையும் கூட்டிப்போகிறேன். முன்வரிசை வேண்டாம், எங்கள் இருவர் கழுத்தும் தாங்காது.