நம்பர் பேசுது: மணலி காற்று மோசம்தானா? சராசரியை மட்டும் நம்பாதீங்க!

'வேளச்சேரியைவிட மணலி காற்று மோசம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. இரண்டு ஊர், இரண்டு சராசரி, அவ்வளவுதான். எண்ணூர், திருவொற்றியூர் குரூப்களில் உடனே பறக்கும். ஆனால், அந்த வித்தியாசம் நிஜமா, தற்செயலா?

ஒரு பேச்சுக்கு, 30 நாள் அளந்ததில் பி.எம். 2.5 எனும் நுண்தூசி மணலியில் சராசரி 45, வேளச்சேரியில் 40 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 5.

இரண்டு ஊரிலும் தினசரி அளவு சராசரியை ஒட்டி மூன்று நான்கு புள்ளிதான் ஏறி இறங்குகிறது என்றால், இந்த 5 பெரிய விஷயம். ஒருநாள் 15, மறுநாள் 90 என்று தாவுகிறது என்றால், அதே 5 வெறும் காற்றடித்த திசையாகக்கூட இருக்கலாம்.

இதைச் சோதிக்கத்தான் 'டி-டெஸ்ட்'. டப்ளின் நகரின் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், 1908-ல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டது. நிஜத்தில் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவு இடைவெளி தற்செயலாக வர 100-க்கு 5-க்கும் குறைவான வாய்ப்புதான் என்றால், அதை 'குறிப்பிடத்தக்க வித்தியாசம்' என்பார்கள்.

ராயபுரத்தையும் சேர்த்து மூன்று ஊரா? இரண்டிரண்டாகச் சோதித்தால், எங்காவது ஒன்றில் பொய் அலாரம் அடிக்கும் வாய்ப்பு 10 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதற்கு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒப்பிடும் 'அனோவா' சோதனை இருக்கிறது.

இன்னொரு சிக்கல். நேற்றைய புகை இன்றும் தங்கும். அதனால் 30 நாள் அளவு என்பது 30 தனித்தனி சாட்சி ஆகாது. ஒரு மாதக் கணக்கைவிட, எல்லாப் பருவமும் அடங்கிய ஒரு வருடக் கணக்கு நம்பகமானது.

'குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை' என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். நாட்கள் குறைவாக இருந்தால், இருக்கிற வித்தியாசமும் சோதனையில் சிக்காது. இரண்டு ஊரும் சமம் என்றாலும் இரண்டும் சுத்தம் என்று அர்த்தமில்லை. நுண்தூசிக்கு இந்தியாவின் வரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரி 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 40.

அடுத்த முறை அப்படி ஒரு படம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை நாள் அளந்தார்கள்? அளவு எவ்வளவு ஏறி இறங்கியது? வரம்புக்கு உள்ளேயா, வெளியேயா? பதில் இருந்தால் ஃபார்வர்டு பண்ணுங்கள். மனுவோடும் இணைத்துக் கொடுங்கள்!