அறிக்கைக்கு முன் ஒரு பாடவேளை

அந்தத் தாய் கொண்டுவந்த பிளாஸ்டிக் கோப்பில் நான்கு அறிக்கைகள் இருந்தன. பையன் ஐந்தாம் வகுப்பு. முதலாவது ஆடியோகிராம்: இரு காதிலும் கேட்கும் திறன் இயல்பு. இரண்டாவது, ஏடிஹெச்டி என்றது. மூன்றாவது, செவிவழிச் செயலாக்கக் குறைபாடு என்றது. நான்காவது, இரண்டும் இருக்கக்கூடும், ஆறு மாதம் கழித்து வரவும் என்றது. "இவனுக்குக் காதுல பிரச்சனையா, கவனத்துல பிரச்சனையா? அதை மட்டும் சொல்லுங்க மேடம்" என்றார் அந்தத் தாய். எழுதிய நால்வரில் ஒருவர்கூட அவனுடைய வகுப்பறைக்குப் போனதில்லை. அன்றுவரை நானும் என்னிடம் வரும் பிள்ளைகளின் பள்ளிக்குப் போகும் வழக்கம் வைத்திருக்கவில்லை.

மறுவாரம் போனேன். நீளமான ஒரே கூடம், நடுவில் ஆளுயரத் தட்டி. அந்தப் பக்கம் நான்காம் வகுப்பு வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி, சன்னலுக்கு வெளியே பேருந்துப் பாதை. ஆசிரியை கரும்பலகையில் எழுதிக்கொண்டே, முகம் திருப்பாமல், "நாப்பத்தேழாம் பக்கம், மூணாவது கணக்கு" என்றார். பையன் தன் புத்தகத்தைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்தவனின் புத்தகத்தைப் பார்த்தான். பிறகுதான் தன்னுடையதைப் புரட்டினான். அந்தப் பாடவேளை முழுக்க இதுதான் நடந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பார்வை, பிறகு ஒரு செயல். ஆசிரியையின் கண்ணுக்கு அது வேடிக்கை பார்ப்பது. எனக்கோ, காதில் விழாமல் போனதைக் கண்ணால் பிடிக்கப் பார்க்கிறான் என்று பட்டது. இவ்வளவு தேடுகிற பிள்ளையைக் கவனமில்லாதவன் என்று மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை.

நம் துறையினர் எல்லோரும் அறிந்த ஒரு சங்கடம் இது. டிஎஸ்எம்-5 கவனக்குறைவுக்குத் தரும் ஒன்பது அறிகுறிகளில் ஒன்று, நேராகப் பேசும்போதும் காது கொடுக்காததுபோல் இருப்பது. செவிவழிச் செயலாக்கத்துக்காக ஆஷா யதிராஜும் உடன் ஆய்வாளரும் உருவாக்கி, நம்மில் பலர் பயன்படுத்தும் 12 கேள்விப் பட்டியலும் கவனித்துக் கேட்பதைப் பற்றியே கேட்கிறது. ஒரே பிள்ளை, ஒரே நடத்தை. உளவியலாளரிடம் போனால் ஒரு பெயர், ஆடியாலஜிஸ்டிடம் போனால் இன்னொரு பெயர்.

பெயர் எவ்வளவு ஆடும் என்பதற்கு ஒரு கணக்கே உண்டு. ஆஸ்திரேலியாவில் வேய்ன் வில்சனும் வெண்டி ஆர்னாட்டும் 150 பள்ளிப் பிள்ளைகளின் சோதனை முடிவுகளை ஒன்பது வெவ்வேறு அளவுகோல்களால் அளந்து 2013-இல் வெளியிட்டார்கள். கடுமையான அளவுகோலின்படி 7.3 சதவீதம் பேருக்குக் குறைபாடு. தளர்வானதன்படி 96 சதவீதம் பேருக்கு. பிள்ளைகள் மாறவில்லை, மதிப்பெண்களும் மாறவில்லை. அப்படியிருக்க, எந்த அளவுகோலைக் கைக்கொண்டோம் என்று சொல்லாமல் 'செவிவழிச் செயலாக்கக் குறைபாடு' என்று கையெழுத்திடுவது அலகு எழுதாமல் எடை எழுதுவதற்குச் சமம். இங்கிலாந்தில் டேவிட் மூர் குழு 6 முதல் 11 வயதுக்குட்பட்ட 1,469 பிள்ளைகளைச் சோதித்து 2010-இல் இன்னொன்றைச் சொன்னது: கேட்டுப் புரிவதில் தடுமாறும் பிள்ளைகளிடம் ஒலியைப் பகுத்துணரும் திறனைவிடக் கவனமும் அறிதிறனும்தான் அந்தத் தடுமாற்றத்தோடு அதிகம் ஒட்டிப்போயின. இதைப் படித்துவிட்டுச் செவிவழிச் செயலாக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கவனத்தை அளக்காமல் செவிச் செயலாக்கத்தை மட்டும் அளந்து முடிப்பது இனி செல்லாது.

சோதனை அறையில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, நேரம்தான் ஒதுக்குவதில்லை. முதலில் நடுக்காது. சளி பிடித்த மாதத்தில் காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் ஏறி இறங்கும். எட்டு மாதத்துக்கு முந்தைய ஆடியோகிராமை நம்பி மேலே போகக்கூடாது, அன்றைக்கே டிம்பனோகிராம் எடுத்தாக வேண்டும். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் செயலாக்கச் சோதனைகளை வைத்து முடிவு சொல்ல வேண்டாம். மெத்தில்ஃபெனிடேட் எடுக்கும் பிள்ளை என்றால், மருந்து வேலை செய்யும் நேரத்தில் சோதியுங்கள். இரு காதுக்கும் ஒரே நேரத்தில் வெவ்வேறு எண்களை ஒலிக்கும் சோதனையில் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், பிழைகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். ஒரு காதில் மட்டும், திரும்பச் செய்தாலும் அதே காதில், பிழை விழுந்தால் அது ஒரு துப்பு. தொடக்கத்தில் நன்றாகச் சொல்லிவிட்டுப் பட்டியல் நீள நீள இரு காதிலும் சரிந்தால் அது வேறொரு துப்பு. கண்ணால் பார்த்துச் செய்யும் கவனச் சோதனையிலும் அதே சரிவு இருந்தால் காதை மட்டும் குறை சொல்ல முடியாது. இவை துப்புகள்தாம், தீர்ப்புகள் அல்ல.

தமிழுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. பள்ளியிலிருந்து வரும் குறிப்பில் பெரும்பாலும் இணைத்திருப்பது சொல்வதெழுதுதல் நோட்டின் பக்கங்கள்தாம். 'பழம்' என்பதைப் பிள்ளை 'பளம்' என்று எழுதியிருப்பான். சுற்றிச் சிவப்பு வட்டம். வீட்டிலும் தெருவிலும், பல வகுப்பறைகளில் ஆசிரியர் வாயிலும் ழகரம் ளகரமாகத்தான் ஒலிக்கிறது. அந்தப் பிள்ளை கேட்டதைச் சரியாகவே எழுதியிருக்கிறான். அதைச் செவிப் பிழையாக எண்ணுவது அநியாயம். மாறாக, 'பட்டம்' என்று சொன்னதை 'படம்' என்றும், 'பாட்டு' என்றதைப் 'பாடு' என்றும் எழுதியிருந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு, இரட்டித்த மெய்யில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி நிற்கும் அந்தச் சின்ன இடைவெளி. எதிரொலிக்கும் கூடத்தில் முன்னால் வந்த உயிரொலியின் வால் நீண்டு அந்த இடைவெளியை நிரப்பிவிடும். ஆகவே இங்கேயும் அவசரப்படாமல், அதே சொற்களை அமைதியான அறையில் ஒரு முறையும் பின்னணி இரைச்சலோடு ஒரு முறையும் சொல்லிப் பாருங்கள். அமைதியில் சரியாக எழுதுகிறான் என்றால் பிழையில் வகுப்பறைக்கும் பங்கு உண்டு.

எவ்வளவு பங்கு? காலியான வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது, எதிரொலி 0.6 நொடிக்குள் அடங்க வேண்டும் என்பது 2002-இல் வந்த அமெரிக்கத் தரவரையறை. நம்மூரில் முழு வேகத்தில் சுழலும் ஒரு மின்விசிறியே அந்த 35-ஐத் தாண்டிவிடும். வெயில் காலத்தில் அதை நிறுத்தச் சொல்லவும் முடியாது. ஆசிரியர் குரல் இரைச்சலைவிட 15 டெசிபல் மேலே இருக்க வேண்டும் என்கிறோம். கடைசி பெஞ்சில் அது எட்டாக்கனி. நாம் அந்தப் பிள்ளையை ஒலிபுகா அறையில் உட்காரவைத்து, காதோடு பொருந்தும் ஹெட்ஃபோனில் சோதித்துவிட்டு, 'இயல்பு' என்று எழுதி அந்தக் கூடத்துக்கே திருப்பி அனுப்புகிறோம்.

சான்றிதழ் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. ஏடிஹெச்டி இல்லை, செவிவழிச் செயலாக்கக் குறைபாடும் இல்லை. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும் என்பதற்காகக் கற்றல் குறைபாடு என்றே எழுதித் தரும்படி பெற்றோர் கேட்கிறார்கள். அவர்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் இல்லாததை எழுதித் தரக்கூடாது; சட்டத்தில் இடைவெளி இருந்தால் அதை அடைக்கச் சொல்லிப் போராடுவது நம் சங்கங்களின் வேலை. அதே நேரத்தில் ஒன்றைப் பெற்றோருக்கும் பள்ளிக்கும் அழுத்திச் சொல்லுங்கள்: முன் வரிசை இருக்கைக்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம். பக்க எண்ணைச் சொல்வதோடு பலகையில் எழுதவும், பிள்ளை பக்கம் திரும்பி நின்று சொல்லவும், ஒரு நேரத்தில் ஒரே கட்டளை தரவும் எந்த மருத்துவக் குழுவின் முத்திரையும் தேவையில்லை.

அந்தப் பையனுக்கு நாங்கள் செய்தது அவ்வளவுதான். தட்டியிலிருந்து விலகிய முன் வரிசை, பலகையின் மூலையில் பக்க எண். கவனக்குறைவுக்கான சிகிச்சையும் தொடர்கிறது, ஏனென்றால் அதுவும் உண்மைதான். வீட்டிலும் பள்ளியிலும் அறிகுறிகள் தெளிவாக இருந்தன. இரண்டு மாதம் கழித்துப் போனபோது பக்கத்துப் புத்தகத்தைப் பார்ப்பது குறைந்திருந்தது. சொல்வதெழுதுதலில் இன்னும் தடுமாறுகிறான். தாய் கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டிலும் கொஞ்சம் இருக்கிறது, மூன்றாவதாக அந்தக் கூடமும் இருக்கிறது என்றேன்.

அடுத்த இதழிலிருந்து இங்கே வெளிவரும் ஆய்வுக்கும் நோயாளர் குறிப்புக்கும் சில நிபந்தனைகள் வைக்கிறோம். எந்த அளவுகோலின்படி முடிவு சொன்னீர்கள், பிள்ளையின் வீட்டு மொழி எது, சோதித்த மொழி எது, வகுப்பறையை யார் எப்போது பார்த்தார்கள் என்பதெல்லாம் குறிப்பில் இருக்க வேண்டும். அறிக்கையோடு ஆசிரியருக்கென்று தமிழில் எழுதிய ஒரு பக்கத்தின் நகலையும், பெயரும் பள்ளியும் நீக்கி, அனுப்புங்கள். அந்தப் பக்கத்தை முதலில் படித்துவிட்டுத்தான் மற்றதைப் புரட்டுவோம்.