ஸ்ட்ராங்கான ஸ்டீல்தான் நல்ல ஸ்டீலா?

ஒரு கேள்வி. 700 பார் அழுத்தத்துல ஹைட்ரஜன் ஓடுற ஒரு வால்வு செய்யணும். உங்ககிட்ட ரெண்டு ஸ்டீல் இருக்கு. ஒண்ணு, ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணின 4340. இழுவிசை வலிமை 1,500 மெகாபாஸ்கலுக்கு மேல. இன்னொண்ணு 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதோட வலிமை இதுல பாதிகூட இல்ல. எதை எடுப்பீங்க?

எங்க ப்ராஜெக்ட் டீம் 4340-ஐத்தான் எடுத்துச்சு. எக்ஸெல்ல வலிமைப்படி வரிசைப்படுத்தி, மேல இருந்ததைத் தூக்கிட்டோம். முதல் ரிவ்யூவுல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டோம்.

காரணம் இதுதான். ஹைட்ரஜன் மூலக்கூறு உலோகப் பரப்புல பட்டதும் தனித்தனி அணுவா பிரியும். அந்தக் குட்டி அணு உள்ளே நுழைஞ்சு, விரிசலோட நுனி மாதிரி இழுவிசை அதிகமா இருக்கிற இடத்துல போய்ச் சேரும். மென்மையான ஸ்டீல் அங்கே கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும். வலுவான ஸ்டீல் வளையாது, உடையும். அதனாலதான் ஹைட்ரஜன் சிலிண்டர் ஸ்டீலின் வலிமைக்கு ஐஎஸ்ஓ தரவிதி 950 மெகாபாஸ்கல்னு உச்சவரம்பே வச்சிருக்கு. குறைந்தபட்சம் இல்லைங்க, அதிகபட்சம்!

316 தாங்குறதுக்குக் காரணம் அதோட அணு அடுக்கு. அதுக்குள்ள ஹைட்ரஜன் ரொம்ப மெதுவாத்தான் நகரும். நிக்கல் போதுமான அளவு இருக்கிறதால, இழுத்தாலும் அந்த அடுக்கு சுலபமா மாறாது.

நம்ம லேப் யூடிஎம் இதையெல்லாம் காட்டாது. காத்துல வச்சு, சில நிமிஷத்துல இழுத்து உடைச்சுடறோம். ஹைட்ரஜனுக்கு நேரம் வேணும். 2013 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ – ஓக்லண்ட் பே பாலத்தில் 96 உயர்வலிமை ஸ்டீல் கம்பிகளை இறுக்கினாங்க. இறுக்கும்போது எதுவும் ஆகல. அடுத்த சில நாள்ல 32 கம்பி உடைஞ்சது. அங்கே ஹைட்ரஜன் டேங்க்கூட கிடையாது. கம்பி இருந்த குழியில தேங்கின தண்ணியால வந்த ஹைட்ரஜனே போதுமா இருந்துச்சு.

"வலிமை குறைஞ்சா சுவர் தடிமனாகும், எடை ஏறுமே?"ன்னு கேப்பீங்க. உண்மைதான். அதனாலதான் ஹைட்ரஜன் கார் டேங்க்ல பாரத்தைக் கார்பன் ஃபைபர் சுமக்குது. உள்ளே வாயுவைத் தடுக்க அலுமினியமோ பிளாஸ்டிக்கோ இருக்கு. ரெண்டு வேலையையும் ஒரே பொருள் தலையில கட்டல.

2030-க்குள்ள வருஷத்துக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் தயாரிக்கணும்ங்கிறது நம்ம நாட்டோட இலக்கு. அந்தக் குழாயையும் வால்வையும் டிசைன் பண்ணப்போறது நம்மள மாதிரி ஆளுங்கதான். அதனால டிபார்ட்மென்ட்டுக்கு என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணு. ஹைட்ரஜனுக்குள்ள வச்சு மெதுவா இழுக்கிற சோதனையைப் பத்தி ஒரு வகுப்பாவது எடுங்க.

ஜூனியர்ஸ், உங்க எக்ஸெல் ஷீட்ல இன்னிக்கே ஒரு காலம் சேருங்க: 'எந்தச் சூழலில்?' வரிசைப்படுத்துறதை அதுக்கப்புறம் வச்சுக்கலாம்.