தரவுக்குள் வராத தெரு

என் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஓர் ஊரில் நீரிழிவு நோயாளிகளிடம் ஒரு செல்பேசிச் செயலியைக் கொடுத்து, மூன்று மாதம் பயன்படுத்தச் சொல்லியிருந்தோம். மாத்திரை போட்டதையும் சர்க்கரை அளவையும் அவர்களே பதிய வேண்டும். முடிவுகள் நன்றாக வந்தன. செயலியைப் பயன்படுத்தியவர்கள் மாத்திரையைத் தவறவிடுவது குறைந்திருந்தது. கட்டுரைக்கான அட்டவணையைக்கூடத் தயார் செய்துவிட்டேன்.

அந்த அட்டவணைக்கு முன்னால் நான் செய்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். பாதியில் பதிவை நிறுத்தியவர்களின் வரிகளை எக்செல் கோப்பிலிருந்து நீக்கியிருந்தேன். 'முழுமையற்ற தரவு' என்று அதற்குப் பெயர். ஆய்வு வேலையில் இது வெகு சாதாரணம். வேறொரு சரிபார்ப்புக்காக ஒருநாள் அந்த வரிகளைத் திரும்ப எடுத்தபோதுதான் முகவரிகள் கண்ணில் பட்டன. பெரும்பாலானவை காலனித் தெரு.

மறுவாரம் அங்கே போனேன். "ஏன்க்கா பதியறத விட்டுட்டீங்க?" என்று ஓர் அக்காவிடம் கேட்டேன். "போனை எம்மவன் வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுறான் தம்பி. சக்கரைதான் எங்கூட இருக்கு" என்றார்.

'இந்தச் செயலி பலன் தருகிறது' என்றது என் அட்டவணை. அது சொல்லியிருக்க வேண்டியது வேறு: தனக்கென்று ஒரு போன் இருப்பவர்களுக்கு, மாதாமாதம் ரீசார்ஜ் செய்ய முடிந்தவர்களுக்குப் பலன் தருகிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் தாங்களே பயன்படுத்தும் செல்பேசி வைத்திருக்கும் பெண்கள் 54 விழுக்காடுதான். இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் மூன்றில் ஒரு பங்கு. இப்படிப்பட்ட நாட்டில் ஆய்விலிருந்து யார் விடுபடுகிறார்கள் என்பது தற்செயல் அல்ல. வறுமையும் பாலினமும் சாதியும் சேர்ந்து அதை முன்பே முடிவு செய்துவிடுகின்றன. நான் டெலீட் பட்டனை அழுத்தியது மட்டும்தான்.

என் ஒருவனின் தவறாக மட்டும் இது இருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். அமெரிக்காவில் யாருக்குக் கூடுதல் மருத்துவக் கவனிப்பு தேவை என்று கணிக்கப் பரவலாகப் பயன்பட்ட ஒரு மென்பொருளை ஆராய்ந்த கட்டுரை 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அந்த மென்பொருள் நோயின் தீவிரத்தைக் கணக்கிட மருத்துவச் செலவை அளவுகோலாக எடுத்திருந்தது. கறுப்பின மக்களுக்குச் சிகிச்சை சரியாகக் கிடைக்காததால் அவர்களுக்கு ஆகும் செலவு குறைவு. செலவு குறைவு என்பதால் அவர்கள் நலமாக இருப்பதாக மென்பொருள் முடிவு கட்டியது. இந்தக் கோளாறைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என்று அந்த ஆய்வு காட்டியது. நிறம் பற்றிய தகவலே அந்த மென்பொருளுக்குத் தரப்படவில்லை. ஆனாலும் பாகுபாடு உள்ளே வந்துவிட்டது. 'எங்கள் படிவத்தில் சாதியே கேட்பதில்லை' என்று பெருமைப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று நமக்கு நெருக்கமானது. நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பைப் புகைப்படத்திலிருந்து கண்டறியும் கூகுளின் செயற்கை நுண்ணறிவு குறித்த ஆய்வு 2016இல் வெளியானது. அதைப் பயிற்றுவித்த படங்களில் ஒரு பகுதி இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்து போனவை. மதுரை அரவிந்த் மருத்துவமனையும் அதில் உண்டு. ஆய்வில் அதன் துல்லியம் மிக உயர்வாக இருந்தது. பிறகு அதைத் தாய்லாந்தில் சாதாரண அரசு கிளினிக்குகளுக்குக் கொண்டுபோனார்கள். முதல் 6 மாதங்களில் செலுத்தப்பட்ட 1,838 படங்களில் 21 விழுக்காட்டைத் தரம் போதாது என்று கருவி நிராகரித்தது. இருட்டாக்க முடியாத அறையில் எடுத்த படங்கள் அவை. இணைய வேகமும் குறைவு. படம் நிராகரிக்கப்பட்டால் நோயாளி இன்னொரு நாள் வேறு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒருநாள் கூலியை இழந்து யார் போவார்கள்? பாராட்ட வேண்டியது, இந்தத் தோல்வியையும் 2020இல் கட்டுரையாக வெளியிட்டார்கள் என்பதை.

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2021இல் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்டது. மருத்துவப் பதிவுகள் மின்வடிவத்துக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. நாளைய கருவிகள் இந்தப் பதிவுகளிலிருந்துதான் கற்கும். அவமதிப்புக்கு அஞ்சியோ, தூரத்துக்கு அஞ்சியோ மருத்துவமனைப் படியேறாதவருக்குப் பதிவு கிடையாது. பதிவு இல்லாதவரை நோய் இல்லாதவராக எண்ணும் கணக்குகள் இங்கேயும் வரும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. பாதியில் விலகியவர்கள் யார், ஏன் விலகினார்கள் என்பதை ஒவ்வோர் ஆய்வும் அட்டவணையாகத் தர வேண்டும். முடிவுகளைச் சாதி, பாலினம், செல்பேசி உடைமை வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வால் பட்டியல் சாதி, பழங்குடியினர் விவரங்களைத் தனியாகத் தர முடிகிறது என்றால் மற்றவர்களாலும் முடியும். கருவியை ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெளிச்சத்திலும் அங்குள்ள செவிலியரின் வேலைப்பளுவிலும் சோதித்த பிறகே துல்லியம் பற்றிப் பேச வேண்டும். எதை அளக்கப்போகிறோம் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே பதிவு செய்ய வேண்டும். தோற்றாலும் வெளியிட வேண்டும்.

சாதி விவரம் தவறான கையில் ஆயுதமாகும் என்ற அச்சம் நியாயமானது. அதனால் பெயரோடு சேராமல், உரியவரின் ஒப்புதலோடு, அந்த விவரம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமையையும் அவருக்கே தந்து சேகரிக்க வேண்டும். கேட்காமலே விடுவது யாரையும் பாதுகாக்கவில்லை. என் கோப்பில் நடந்தது அதுதான்.

நீக்கிய வரிகளை மீண்டும் சேர்த்துக் கணக்கிட்டேன். பலன் பாதிக்கும் கீழே இறங்கியது. இப்படி எழுதினால் இதழ்கள் ஏற்பது கடினம் என்கிறார்கள். இருக்கட்டும். அடுத்த மாதம் அந்த அட்டவணையை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போகிறேன். அந்த அக்காவிடம் முதலில் காட்ட வேண்டும். போன் இல்லாமல் சர்க்கரையைக் கவனிக்க என்ன வழி என்று அவரிடமே கேட்க வேண்டும்.