"சும்மாதான் இருக்கிறேன் மகன்"

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

பதுளை டவுனில் பென்ஷன் எடுக்கிற ஒரு சேருடைய கிழமை எப்படிப் போகும் என்று நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். திங்கள் வங்கியும் கரண்ட் பில்லும். செவ்வாய் பெரியாஸ்பத்திரி க்ளினிக், பிரஷர் மருந்து. இடையில் ஒரு நாள் பண்டாரவளையில் மகள் வீடு. வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் பழைய கூட்டாளிமாரோடு ஒரு பிளேன்டீ, "எங்கட காலத்துப் பிள்ளைகள்" என்று ஒரு மணித்தியாலக் கதை. சனி ஞாயிறில் ஒரு கலியாண வீடோ ஜனாஸாவோ கட்டாயம் வரும். பேரப்பிள்ளையை டியூஷனுக்குக் கூட்டிப் போகிற வேலையும் அவருக்குத்தான். கேட்டால், "சும்மாதான் இருக்கிறேன் மகன்" என்பார்.

இந்தச் "சும்மா" சும்மா வரவில்லை. மாதா மாதம் வங்கியில் விழுகிற ஓய்வூதியம் அதன் அடியில் இருக்கிறது. எங்களைப் போல கல்வியியற் கல்லூரி முடித்து முப்பதுகளில் படிப்பிக்கிறவர்களுக்கும், சம்பளத்தைப் பற்றி எவ்வளவு முறைப்பாடு இருந்தாலும், கடைசிக்காலத்துக்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்ற தைரியம் உண்டு.

இப்போது பசறை, லுணுகலை, நமுனுகுலை, ஹாலிஎல பக்கம் மேலே ஏறிப் பாருங்கள். எங்கள் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளின் அம்மாச்சிமார் அங்கே இருக்கிறார்கள். 35 வருடம் கொழுந்து பறித்து பேர் வெட்டியாகிவிட்டது. ஆனால் காலையில் கூடையோடு கைக்காசுக்கு அதே மலைக்குத்தான் போகிறார்கள். வேலைக்குப் போகாத நாள் என்றால் அது பஸ் ஏறி டவுனுக்கு வருகிற நாள்: ஈ.பி.எஃப் காசு என்னாயிற்று என்று கேட்க.

சட்டத்தில் குறை சொல்ல முடியாது. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தொழிலாளியிடம் 8 வீதம், தோட்டத்திடம் 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தோட்டம் இன்னும் 3 வீதம். வேலையிலிருந்து விலகினால் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம். 1983 பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், அதுவும் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். 2024 இல் நிர்ணயித்த 1,350 ரூபாவை வைத்து 35 வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 6,61,500 ரூபா வரும். பெரிய தொகை மாதிரித் தெரியும். இருபது வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 2,756 ரூபா. ஈ.பி.எஃப் காசு இதற்கு மேலே வரும், உண்மைதான். அது வருவதற்கு முன்பே கடன்காரரும் மகளின் கலியாணமும் வாசலில் நிற்கும்.

அந்தக் காசும் பல பேருக்கு ஓர் எழுத்தில் மாட்டிக்கொள்கிறது. செக்ரோலில் "லெட்சுமி", அடையாள அட்டையில் "லட்சுமி", பிறப்புச் சான்றிதழில் வேறொன்று. தமிழில் சொன்ன பெயரை ஒருவர் ஆங்கிலத்திலும் இன்னொருவர் சிங்களத்திலும் எழுதியதால் வந்த வினை. (முஹம்மத், முகம்மது, மொஹமட் என்று மூன்று பெயரோடு திரிகிற எங்களுக்கு இது நல்லா விளங்கும்.) 1948 இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, கடைசியாக 2003 சட்டத்தோடுதான் அந்தக் கதை முடிந்தது. அந்தச் சமூகத்தில் பத்திரம் பிழையாக இருப்பதற்குத் தொழிலாளியைக் குற்றம் சொல்வது நியாயமா? "பேரைத் திருத்திக்கொண்டு வாங்க அம்மா" என்ற ஒரு வசனத்துக்குப் பின்னால் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், சத்தியக் கடதாசி என்று எத்தனை நாள் கூலி போகிறது?

தோட்டத் தொழிலாளிக்கும் மாதா மாதம் ஓய்வூதியம் வேண்டும் என்பதுதான் எங்கள் நிலைப்பாடு. ஆனால் சேமலாப நிதியில் கைவைத்து அல்ல. 2011 இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலம் வந்தபோது, தங்கள் காசுக்கு என்ன நடக்குமோ என்று பயந்து கட்டுநாயக்கத் தொழிலாளர்கள் வீதிக்கு இறங்கினார்கள். பொலிஸ் சூட்டில் ரொஷேன் சானக்க என்ற இளைஞர் இறந்தார், சட்டமூலமும் கைவிடப்பட்டது. அந்தப் பயம் இன்றும் நியாயமானது. மொத்தத் தொகை அவர்களுடைய உழைப்பு, அதை அப்படியே கொடுக்க வேண்டும். மாதாந்தக் கொடுப்பனவு அதற்கு மேலதிகமாக, தேயிலையால் வருகிற வருமானத்திலிருந்து வரவேண்டும். 70 வயதுக்குப் பிறகு கிடைக்கிற முதியோர் கொடுப்பனவை இதற்குப் பதிலாகக் காட்ட வேண்டாம். அதுவரைக்கும் அந்த அம்மா எதைச் சாப்பிடுவது?

அரசாங்கம் செய்யும் வரை பெயர் விஷயத்தையாவது நாங்கள் பார்க்கலாம். வேலையில் இருக்கும்போதே, 45 வயதிலேயே, பத்திரங்களை ஒத்துப்பார்த்துவிட்டால் பிறகு அலைச்சல் குறையும். இதற்கு வக்கீல் தேவையில்லை, மூன்று மொழியும் வாசிக்கத் தெரிந்த ஒருவர் போதும். ஒவ்வொரு பாடசாலையிலும் அப்படி இரண்டு மூன்று பேர் இருக்கிறோம். பெற்றோர் கூட்டத்துக்கு வருகிற அன்று அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எஃப் இலக்கம் உள்ள சம்பளச் சீட்டு மூன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஓய்வுபெற்ற சேர்மாரும் ஒரு சனிக்கிழமை காலையை இதற்குத் தந்தால் நல்லது. விருப்பமானவர்கள் கீழே பெயரையும் பாடசாலை இருக்கிற ஊரையும் எழுதுங்கள்.