எந்தக் காட்டில் பிழைக்கப் போகிறீர்கள்?



குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் வந்தார். "பாய், பையன் ஏதோ ஒரு கேம் வாங்கித் தரச் சொல்லி உயிரை எடுக்கிறான். காட்டில் தனியாக விட்டுவிடுவார்களாம். மரம் வெட்டணுமாம், வீடு கட்டணுமாம், ராத்திரிக்குள்ளே பிழைச்சுக்கணுமாம். காசு கொடுத்து வாங்கலாமா, கூடாதா?" என்று கேட்டார்.

"கூடவே கூடாது" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். மேடையில் அப்படிப் பேசினால் கை தட்டவும் ஆள் இருக்கிறது. ஆனால் நடப்பது என்ன? மேடையில் பேசுகிறவரின் வீட்டுப் பிள்ளையே இரவு ஒரு மணிக்குப் போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு சுட்டுத் தள்ளிக்கொண்டிருக்கிறான்! சுப்ஹுக்கு எழுப்பினால் எழுவதில்லை. "கூடாது" என்று சொல்லிச் சொல்லி நாம் கண்ட பலன் இதுதான். நல்லது எது, கெட்டது எது என்று பிரித்துச் சொல்ல நமக்குத் தெரியவில்லை. தெரியாததை மறைக்கக் கோபப்படுகிறோம். இதுதானே உண்மை?

ஆகவே நண்பரிடம், "இரண்டு நாள் பொறுங்கள், விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். விசாரித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "சர்வைவல்" என்றதும் நம் பெற்றோர்களுக்கு நினைவுக்கு வருவது பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும்தான். பப்ஜியில் நூறு பேரை ஒரு தீவில் இறக்கிவிடுவார்கள். கிடைத்த துப்பாக்கியை எடுத்து மற்றவர்களைக் கொன்று கடைசியில் நிற்பவன் வென்றவன். ஃப்ரீ ஃபயரும் இதே கதைதான். இதில் பிழைப்பு எங்கே இருக்கிறது? ஆக்குவது எங்கே இருக்கிறது? அழிப்பது மட்டும்தானே இருக்கிறது!

மத்திய அரசு 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்குத் தடை வந்தது. நம் பிள்ளைகளின் படிப்பும் தூக்கமும் கெடுகிறதே என்ற கவலையில் வந்த தடைகள் அல்ல அவை. நாட்டின் பாதுகாப்பு, சீனாவுக்குத் தகவல் போகிறது என்ற பேச்சில் வந்த தடைகள். அதனால்தான் அதே பப்ஜி 2021 ஜூலையில் வேறு பெயரில், இந்தியச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. 2022 ஜூலையில் போயிற்று. 2023 மே மாதம் மறுபடியும் வந்தது. அரசாங்கம் கதவைச் சாத்தும், திறக்கும். உங்கள் வீட்டுக் கதவுக்கு நீங்கள்தான் காவல்.

நண்பரின் மகன் கேட்டது இந்த வகை அல்ல. அவன் கேட்டது மைன்கிராஃப்ட். சுவீடன் நாட்டில் உருவாகி, 2011இல் முழுமையாக வெளிவந்து, 2014இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தால் 250 கோடி டாலருக்கு வாங்கப்பட்ட விளையாட்டு. 2023 வரை 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. உலகத்தில் இவ்வளவு விற்ற சரக்கைப் பற்றி வியாபாரிகளாகிய நாம் ஒன்றுமே தெரியாமல் இருந்தால் எப்படி?

இதில் உங்களை வெறுங்கையோடு ஒரு நிலத்தில் விடுகிறார்கள். 20 நிமிடத்தில் ஒரு பகலும் இரவும் முடிந்துவிடும். இருட்டினால் ஆபத்து. அதற்குள் மரத்தை வெட்ட வேண்டும். ஒரு மரத்துண்டு நான்கு பலகை ஆகும். நான்கு பலகை சேர்ந்தால் ஒரு வேலை மேசை. மேசை இருந்தால் கோடாரி, கோடாரி இருந்தால் இன்னும் மரம். பிறகு கல், நிலக்கரி, இரும்பு. எதைச் செய்ய எது எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதல் இல்லாமல் தொழில் தொடங்கியவன் கதை மாதிரி இருக்கிறதல்லவா? வெறுங்கையோடு பர்மாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிய நம் முன்னோர்களுக்கு இந்த ஆட்டம் உடனே புரிந்திருக்கும்!

இதையே நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 2012 முதல் ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பு, ஏழை மக்கள் தங்கள் திடலும் பூங்காவும் எப்படி அமைய வேண்டும் என்று தாங்களே கட்டிக் காட்ட இந்த விளையாட்டைக் கொடுத்திருக்கிறது. கென்யாவில் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் அது நடந்தது. 2020இல் எல்லைகளற்ற செய்தியாளர்கள் என்ற அமைப்பு இதற்குள் ஒரு பெரிய நூலகத்தையே கட்டி, பல நாடுகளில் தடுக்கப்பட்ட எழுத்துகளை வைத்தது. 2018இல் இஸ்தான்புல் சவூதி துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் ஜமால் கஷோகியின் எழுத்தும் அங்கே இருக்கிறது. பத்திரிகையைத் தடுத்த நாட்டில் விளையாட்டு திறந்திருந்தது. இதைப் படித்தபோது, நான் இத்தனை நாள் இதை வெறும் பொம்மை என்று நினைத்தது தவறு என்று பட்டது.

சரி, எல்லாம் பால் மாதிரி வெள்ளையா? இல்லை. முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து ஆடும் வாசலும் இதில் இருக்கிறது. சிறுவனுக்கு அது வேண்டாம். தனியாகவோ அண்ணன் தம்பியோடோ தெரிந்த நண்பனோடோ ஆடட்டும். பணம் பிடுங்கும் கடை ஒன்றும் உள்ளே உண்டு. உங்கள் கார்டு எண்ணைப் பிள்ளையின் போனில் போட்டு வைக்காதீர்கள்.

பணம் என்றதும் வியாபாரச் சகோதரர்களுக்கு ஒரு கேள்வி. மூட்டையை அவிழ்க்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமல், "நூறு ரூபாய் கொடு, அரிசியும் இருக்கலாம், உமியும் இருக்கலாம்" என்று ஒருவன் உங்களிடம் விற்றால் வாங்குவீர்களா? மார்க்கம் அதை வியாபாரம் என்று ஏற்குமா? இன்றைய பல இலவச விளையாட்டுகள் அதைத்தான் செய்கின்றன. ஆட்டம் இலவசம். ஆனால் "அதிர்ஷ்டப் பெட்டி" ஒன்று வரும். நிஜப் பணம் கட்டித் திறக்க வேண்டும். உள்ளே துப்பாக்கி இருக்கலாம், தொப்பி இருக்கலாம். பெல்ஜியம் நாடு 2018இலேயே இது சூதாட்டம் என்று சொல்லிவிட்டது.

ரம்மியால் குடும்பங்கள் நாசமான பிறகு தமிழ்நாடு சட்டமன்றம் 2022இல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் நிறைவேற்றியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்கச் சட்டம் செய்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் மூடிய மூட்டையை நம் பிள்ளைகளுக்கு விற்கிறவன் அந்தச் சட்டத்தைப் பார்த்து நடுங்குவதாகத் தெரியவில்லை. ஆகவே ஒன்று செய்யுங்கள். "இலவசம்" என்பதைக் கண்டு மயங்காதீர்கள். ஒரே தடவை விலை கொடுத்து வாங்கி, அதோடு கணக்கு முடிகிற விளையாட்டே இலவசத்தைவிட மலிவு.

இன்னொன்று. ரஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. இதுவும் மரம் வெட்டுவது, வீடு கட்டுவதுதான். ஆனால் நீங்கள் நிறுத்திவிட்டுப் போனாலும் ஆட்டம் நிற்காது. உங்கள் உருவம் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். வேறொருவன் வந்து வீட்டை உடைத்து, உங்களைக் கொன்று, சாமானை அள்ளிக்கொண்டு போவான். அப்புறம் எந்த வாலிபனுக்குத் தூக்கம் வரும்? காவல் காக்கவே நேரம் போதாது. ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கடைக்கு ஆள் வந்தால் நிறுத்தி வைக்க முடிகிறதா? பாங்கு சொன்னால் வைத்துவிட்டு எழ முடிகிறதா? திரும்பி வரும்போது விட்ட இடத்தில் காத்திருக்குமா? காத்திருக்கும் விளையாட்டுக்கு நீங்கள் எஜமான். காத்திருக்காத விளையாட்டுக்கு நீங்கள் வேலைக்காரன்.

சப்நாட்டிகா என்ற ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலுக்கடியில் பிழைக்கும் விளையாட்டு. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் ஒருவன் 20 குழந்தைகளையும் 6 ஊழியர்களையும் சுட்டுக் கொன்றான். அந்தச் செய்தியால் கலங்கிய சார்லி கிளீவ்லேண்ட் என்ற இதன் இயக்குநர், தன் விளையாட்டில் துப்பாக்கியே கிடையாது என்று முடிவு செய்தார். துப்பாக்கி இல்லாமல் விற்குமா என்று கேட்டிருப்பார்கள். நன்றாகவே விற்றது!

இனி, வயது வந்த வாலிபர்களே, உங்களுக்கு ஒன்று. சிறுவர்களுக்கு அல்ல, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்.

போஸ்னியா நினைவிருக்கிறதா? உங்கள் வாப்பாவிடம் கேளுங்கள். 1992 ஏப்ரலில் தொடங்கி 1996 பிப்ரவரி வரை, 1425 நாட்கள் சரயேவோ நகரம் முற்றுகையில் கிடந்தது. தண்ணீர் எடுக்கப் போனவர்களை மலை மேலிருந்து குறி பார்த்துச் சுட்டார்கள். 1992 ஆகஸ்டில் தேசிய நூலகத்தைக் குண்டு வீசி எரித்தார்கள். 1994 பிப்ரவரி 5ஆம் நாள் மார்க்கலே சந்தையில் ஒரே குண்டில் 68 பேர் இறந்தார்கள். சந்தைக்கு வந்த மக்கள், நம்மைப் போலக் கடை போட்டவர்கள். அம்மக்கள் விமான நிலையத்துக்கு அடியில் ஏறத்தாழ 800 மீட்டர் சுரங்கம் தோண்டி உணவும் மருந்தும் கொண்டுவந்தார்கள்.

அந்த முற்றுகையைக் கேட்டறிந்து போலந்து நாட்டு நிறுவனம் ஒன்று 2014இல் "திஸ் வார் ஆஃப் மைன்" என்ற விளையாட்டைச் செய்தது. ஊருக்குக் கற்பனைப் பெயர்தான். ஆனால் போஸ்னியா தெரிந்தவனுக்கு முகவரி தேவையில்லை. இதில் நீங்கள் சிப்பாய் அல்ல. இடிந்த வீட்டில் ஒண்டியிருக்கும் நாலு சாமானியர்கள்: ஒரு சமையல்காரர், ஒரு பத்திரிகைப் பெண், ஒரு முன்னாள் கால்பந்துக்காரர் என்று. பகலில் வெளியே போனால் சுட்டுவிடுவார்கள். வீட்டுக்குள் பலகையைச் சேர்த்து அடுப்பு செய்ய வேண்டும், மழைநீரை வடிகட்ட வேண்டும், எலிப்பொறி வைக்க வேண்டும். குளிர் தாங்காவிட்டால் புத்தகத்தை எரிக்க வேண்டும். எந்தப் புத்தகத்தை எரிப்பது? சாராயம் காய்ச்சி விற்றுப் பிழைக்கும் வழியும் அதில் வைத்திருக்கிறார்கள். அதைத் தொடாமலே ஆடலாம்.

இரவில் ஒருவர் போய் எதையாவது தேடிக்கொண்டு வர வேண்டும். ஓர் இடத்தில் வயதான கணவன் மனைவி தனியாக இருப்பார்கள். அவர்களிடம் உணவு இருக்கிறது, மருந்து இருக்கிறது. எதிர்க்கத் தெம்பில்லை. எடுத்துக்கொண்டு வரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் திரும்பி வந்தவர் மனமுடைந்து உட்கார்ந்துவிடுவார். செய்த பாவம் அவரைச் சாப்பிட விடாது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆடிய வாலிபர் எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எடுத்திருக்கக் கூடாது பாய்" என்றார். பப்ஜியில் நூறு பேரைச் சுட்ட கை அது!

போலந்து அரசாங்கம் 2020இல் இதைப் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது, 18 வயது நிரம்பியவர்களுக்கு. போர் எப்படி இருக்கும் என்று விளையாட்டு சொல்லித் தரும் என்று ஒரு நாட்டு அரசாங்கமே நம்புகிறது. இன்றைக்கு காஸாவைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அடுத்த நிமிடம் துப்பாக்கி விளையாட்டைத் திறக்கிற நம் வாலிபர்களை நினைத்துத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

குரோம்பேட்டைக்காரர்களுக்கு ஒன்றை நினைவூட்டவா? ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எம்.ஐ.டி.யில் 1950களில் ராமேஸ்வரத்துப் பிள்ளை ஒருவர் படித்தார். சேர்வதற்குப் பணமில்லாமல் அக்கா ஜொஹராவின் வளையலும் சங்கிலியும் அடகுக்குப் போயின. அவர் வரைந்த விமான வடிவமைப்பு பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. ஒரு மாதம் கேட்டதற்கு மூன்று நாள் கொடுத்தார். முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தம். சாப்பிடாமல் தூங்காமல் முடித்தார். அப்துல் கலாம் ஐயாவின் வாழ்க்கையில் சர்வைவலும் கிராஃப்டிங்கும் அந்த மூன்று நாள்தான். தூக்கம் விழிப்பதே குற்றமில்லை பாருங்கள், எதற்காக என்பதுதான் விஷயம்.

நண்பர் மைன்கிராஃப்டையே வாங்கிக் கொடுத்தார். பள்ளி நாளில் ஒரு மணி நேரம், இஷாவுக்குப் பிறகு கிடையாது என்று ஒப்பந்தம். போன வாரம் கடைக்குப் போனபோது மகன் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தான். மாட்டை அடித்தான்; உடனே தோல் கைக்கு வந்துவிட்டது. அப்படி 24 தோல் சேர்த்தால் உடம்பு முழுவதும் கவசம். தோலையும் காகிதத்தையும் சேர்த்தால் புத்தகம்.

நண்பரின் பாட்டனார் தோல் தொழிலில் இருந்தவர். ஊருக்கே குரோம் தோல் கம்பெனியால்தான் இந்தப் பெயர். எட்டிப் பார்த்த நண்பர் சிரித்துவிட்டார்.

"இது என்னடா கூத்து! உப்பு போடலே, சுண்ணாம்புத் தொட்டியிலே ஊற வைக்கலே, முடி எடுக்கலே, ஆவாரம்பட்டையும் இல்லே, குரோமும் இல்லே. பச்சைத் தோலை அப்படியே போட்டுக்கிட்டா நாறிப் போயிடாது?"

மகன் போனைக் கீழே வைத்தான்.

"ஆவாரம்பட்டையை எதுக்கு வாப்பா போடுவாங்க?"