பழங்காரின் குளிர்ச்சியும் கைமாற வேண்டிய அறிவும்
மைசூருவுக்கு அருகே, ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஒட்டிய பயணா அருங்காட்சியகத்தில் பழங்கார்கள் பேணப்படுகின்றன. சாலையில் ஓடும் பழங்காருக்கோ ஏசி பழுதே பெருஞ்செலவு.

1990களுக்கு முந்தைய கார்களின் ஏசி, ஓசோன் படலத்தைச் சிதைக்கும் ஆர்-12 வாயுவில் இயங்கியது. மாண்ட்ரியல் உடன்படிக்கையை ஏற்ற இந்தியா, குளிர்சாதனங்களுக்கான அதன் உற்பத்தியை 2008இல் நிறுத்தியது. எனவே முழு அமைப்பையும் மாற்றச் சொல்வோர் உளர். கசிவை விட்டுவிட்டு வாயுவை மட்டும் நிரப்புவோரும் உளர். முன்னது தேவையற்ற செலவு. பின்னது ஆண்டுதோறும் திரும்பும் செலவு.

சிக்கனமான வழி வேறு. கசிவைக் கண்டறிந்து, ரப்பர் வளையங்களையும் டிரையரையும் மாற்றி, பழைய கனிம எண்ணெயை வடித்து எஸ்டர் எண்ணெய் இட்டு, குழாய்களை வெற்றிடமாக்கி, ஆர்-134ஏ வாயுவை முந்தைய அளவைவிடச் சற்றுக் குறைத்து நிரப்பலாம். கம்ப்ரசர் நலமாயின் அதுவே போதும். இதற்குப் பொருளினும் பொறுமையும் அறிவுமே மிகுதியாக வேண்டும். முதிய மெக்கானிக்குகளிடம் தேங்கியிருக்கும் அவ்வறிவை ஐ.டி.ஐ. மாணவர்க்குப் பாடமாக்குவதும் மரபுப் பாதுகாப்பே.